நாப்பா பள்ளத்தாக்கில் நண்பர்களோடு ஒரு நாள் வைன் டேஸ்டிங்: திட்டமிடுவது முதல் வீடு திரும்புவது வரை

சான் பிரான்சிஸ்கோ நகரிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வடக்கே நாப்பா ஊர் தொடங்குகிறது. அங்கிருந்து கலிஸ்டோகா என்ற ஊர் வரை நீளும் பள்ளத்தாக்கு 50 கிலோமீட்டருக்கும் குறைவு. தொலைவு சிறியதாக இருப்பதாலேயே, காலையில் கிளம்பினால் ஐந்தாறு வைனரிகளை, அதாவது வைன் தயாரித்துக் கட்டணத்துக்குச் சுவைக்கத் தரும் இடங்களைப் பார்த்துவிட்டு இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம் என்று முதன்முறை செல்பவர்கள் நினைக்கிறார்கள். சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாவில் வசிக்கும் நண்பர்கள் குழுக்களுக்காக இந்தப் பயணத்தைப் பலமுறை ஒருங்கிணைத்திருக்கிறேன். வேலைகளை வரிசை மாற்றிச் செய்வதால்தான் பெரும்பாலான குழுக்களின் நாள் கெடுகிறது. வைனரியைத் தேர்ந்தெடுத்து, பணம் கட்டி, எல்லோருக்கும் செய்தி அனுப்பிய பிறகு "வண்டியை யார் ஓட்டுவது?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விதான் முதலில் வரவேண்டும்.

1. ஓட்டுநரை முதலில் முடிவு செய்யுங்கள்

கலிபோர்னியாவில் 21 வயது நிரம்பியவர் சொந்தக் கார் ஓட்டும்போது இரத்தத்தில் ஆல்கஹால் 0.08 விழுக்காட்டை எட்டினால் குற்றம். அதற்குக் குறைவான அளவிலும் ஓட்டும் திறன் குறைந்திருந்தால் வழக்குத் தொடர முடியும். டேஸ்டிங்கில் ஊற்றுவது கொஞ்சம்தானே என்ற எண்ணம் ஆபத்தானது என்பதை ஒரு சிறு கணக்கு காட்டும்.

அமெரிக்க அளவில் ஒரு 'டிரிங்க்' என்பது 14 கிராம் ஆல்கஹால். அது 12 விழுக்காடு வைனில் 150 மில்லிக்குச் சமம். நாப்பாவின் கேபர்னே சாவிஞான் என்ற சிவப்பு வைன் பெரும்பாலும் 14 முதல் 15 விழுக்காடு வரை இருக்கும். ஓரிடத்தில் ஐந்து வகைகள், ஒவ்வொன்றிலும் 45 மில்லி என்று வைத்துக்கொண்டால் 225 மில்லி ஆகிறது. அது கிட்டத்தட்ட இரண்டு டிரிங்க். மூன்று வைனரிகளில் ஐந்தரையைத் தொட்டுவிடும். உடல் ஒரு மணி நேரத்தில் சுமார் ஒரு டிரிங்க்கைத்தான் கழிக்கிறது. காபியோ குளிர்ந்த தண்ணீரோ அதை விரைவுபடுத்தாது.

விசாவில் வசிப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. குடித்துவிட்டு ஓட்டியதற்காகக் கைதானால், வழக்கு முடிந்து தீர்ப்பு வருவதற்கு முன்பே அமெரிக்க வெளியுறவுத் துறை விசாவை ரத்து செய்ய இடமுண்டு. அவர் அடுத்த முறை ஊருக்குச் சென்றால் புதிய விசா இல்லாமல் திரும்ப முடியாது. ஒரு பிற்பகலுக்காக யாரும் இந்த நிலைக்கு ஆளாகக் கூடாது என்பதில் நான் மிகவும் பிடிவாதமாக இருக்கிறேன்.

வழிகள் மூன்று. குழுவில் குடிக்காத நண்பர் விருப்பத்தோடு ஓட்டலாம். உங்கள் காரையே ஓட்டித்தர மணிக்கணக்கில் ஓட்டுநரை அமர்த்தலாம். எட்டுப் பேருக்கு மேல் இருந்தால் ஓட்டுநரோடு வேன் எடுக்கலாம். ஊபர், லிஃப்ட் வண்டிகள் நாப்பா ஊருக்குள் எளிதில் கிடைக்கும். பள்ளத்தாக்கின் வடபகுதியிலும் மலைச் சரிவுகளிலும் மாலை ஐந்து மணிக்கு அவற்றை நம்பி நிற்கக் கூடாது. போவதற்கு வண்டி கிடைத்த இடத்தில் திரும்புவதற்குக் கிடைக்காமல் போவது அங்கே வழக்கம்.

நண்பர் ஓட்டுகிறார் என்றால் அவருடைய உணவுச் செலவைக் குழு ஏற்றுக்கொள்வது நியாயம். "ஒரு வாய் மட்டும் குடித்துப் பாருங்களேன்" என்று அவரை வற்புறுத்தக் கூடாது. உடல்நலம், மாத்திரை, கருவுற்றிருப்பது, நோன்பு எனக் குடிக்காமல் இருப்பதற்கு ஆயிரம் காரணங்கள் இருக்கலாம். அவற்றைக் கூட்டத்தின் நடுவே சொல்லவைப்பது நட்புக்கு அழகல்ல.

2. நாளையும் எண்ணிக்கையையும் உறுதி செய்யுங்கள்

ஆறு பேர் என்பது வசதியான எல்லை. அதற்கு மேல் போனால் பல வைனரிகள் இணையத்தில் முன்பதிவை ஏற்காமல் தனியாக எழுதிக் கேட்கச் சொல்லும், அல்லது தனி அறைக்கான கட்டணத்தைக் கேட்கும். ஆகவே "வரலாம், பார்க்கலாம்" என்பவர்களை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். பணம் அனுப்பியவர் மட்டுமே வருபவர்.

சனிக்கிழமையைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை திராட்சை அறுவடைக் காலம். பார்ப்பதற்கு நிறைய இருக்கும், கூட்டமும் அதே அளவு இருக்கும். மே மாதக் கடைசி வாரத்தின் நீண்ட விடுமுறையில் நாப்பா ஊரில் பாட்டில்ராக் இசைவிழா நடப்பதால் சாலைகள் அடைபட்டிருக்கும். முதல் பயணத்துக்கு நான் பரிந்துரைப்பது பிப்ரவரியின் ஒரு வார நாள். திராட்சைக் கொடிகள் இலையுதிர்ந்து நின்றாலும் வரிசைகளுக்கு நடுவே கடுகுச் செடிகள் மஞ்சளாகப் பூத்திருக்கும். பரிமாறுபவருக்கும் உங்களோடு பேச நேரம் இருக்கும்.

3. மூன்று வைனரிகள், தெற்கிலிருந்து வடக்காக

ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். ஓர் அமர்வு ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். பெரும்பாலான இடங்கள் காலை பத்து மணிக்குத் திறந்து மாலை ஐந்து மணிக்குள் மூடிவிடும். நடுவில் உணவுக்கும் பயணத்துக்கும் நேரம் விட்டால் நான்காவதற்கு இடமில்லை. நேரம் இருந்தாலும் நாக்கு ஒத்துழைக்காது. மூன்றாவது இடத்தைத் தாண்டிய பிறகு ஒரு சிவப்பு வைனுக்கும் இன்னொன்றுக்கும் வேறுபாடு தெரிவதில்லை.

வரிசைக்கு நிலப்பகுதியே வழிகாட்டுகிறது. தெற்கே உள்ள கார்னெரோஸ் பகுதி சான் பாப்லோ விரிகுடாவை ஒட்டியிருப்பதால் காலையில் மூடுபனியும் குளிர்ந்த காற்றும் வீசும். அங்கே ஷார்டனே, பினோ நுவார் என்ற திராட்சை வகைகள் விளைகின்றன, அவற்றிலிருந்து நுரைவைன் செய்கிறார்கள். வடக்கே போகப் போக வெப்பம் கூடும். ஓக்வில், ரதர்ஃபோர்ட் பகுதிகள் கேபர்னேக்குப் பெயர் பெற்றவை. ஆகவே தெற்கில் தொடங்கினால் மெல்லிய வைனிலிருந்து கனமான வைனுக்குப் போகிறீர்கள். சுவைக்கும் முறைக்கும் அதுவே பொருத்தம். கேபர்னேயில் தொடங்கி நுரைவைனுக்கு வந்தால் பின்னது தண்ணீராகத் தோன்றும்.

எடுத்துக்காட்டாக, காலை 10 மணிக்கு கார்னெரோஸில் டொமெய்ன் கார்னெரோஸ் போன்ற நுரைவைன் இடம், பன்னிரண்டு மணிக்கு உணவு, 1.30க்கு ரதர்ஃபோர்ட் பக்கம் ஒரு கேபர்னே வைனரி, 3.30க்கு செயின்ட் ஹெலனாவில் கடைசி நிறுத்தம் என்று அமைக்கலாம். கலிஸ்டோகாவில் ஷ்ராம்ஸ்பெர்க் போல மலைக்குள் குடைந்த குகைகளில் வைனைச் சேமிக்கும் இடங்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்க்க விரும்பினால் நடு நிறுத்தத்தைக் குறைத்து இரண்டோடு நிறுத்துங்கள்.

பள்ளத்தாக்கில் இரண்டு முக்கியச் சாலைகள் இணையாக ஓடுகின்றன. மேற்கே 29ஆம் எண் சாலை, கிழக்கே சில்வராடோ டிரெயில். முதலாவதில்தான் ஊர்களும் நெரிசலும். வரைபடத்தில் பத்து நிமிடம் காட்டினால் வார இறுதியில் இருபத்தைந்து நிமிடம் ஒதுக்குங்கள். சிக்னல் இல்லாத இடங்களில் இடப்பக்கம் திரும்ப எதிர்வரும் வண்டிகளுக்காக நெடுநேரம் காத்திருக்க நேரும் என்பதால், வடக்கு நோக்கிப் போகும்போது வலப்பக்கம் உள்ள வைனரிகளைத் தேர்ந்தெடுப்பது உண்மையிலேயே நேரத்தை மிச்சப்படுத்துகிறது.

4. முன்பதிவு செய்யும்போது கேட்கவேண்டியவை

நாப்பாவில் பெரும்பாலான வைனரிகளுக்கு முன்பதிவு இல்லாமல் போக முடியாது. 1990இல் மாவட்டம் இயற்றிய விதிப்படி அதற்குப் பிறகு அனுமதி பெற்ற வைனரிகள் நேரம் குறித்து வருபவர்களை மட்டுமே டேஸ்டிங்குக்கு ஏற்கலாம். கட்டணம் பல இடங்களில் ஒருவருக்கு 50 டாலரைத் தாண்டும், 100 டாலரைத் தாண்டும் இடங்களும் உண்டு. முன்கூட்டியே பணம் பிடித்துக்கொள்வார்கள். எத்தனை மணி நேரத்துக்கு முன் ரத்து செய்தால் பணம் திரும்பும் என்பதை மூன்று இடங்களுக்கும் தனித்தனியாகக் குறித்துவையுங்கள்.

குழுத் தலைவர் எழுதிக் கேட்கவேண்டிய கேள்விகள் சில உண்டு. இருவர் ஒரே டேஸ்டிங்கைப் பகிர்ந்துகொள்ளலாமா? சில இடங்கள் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்ளும், அதனால் செலவும் மதுவும் பாதியாகும். குடிக்காதவர் உடன் அமர்ந்தால் கட்டணம் உண்டா? பாட்டில் வாங்கினால் டேஸ்டிங் கட்டணத்தைக் கழிப்பார்களா, எத்தனை பாட்டிலுக்கு எத்தனை பேருடையது? குழந்தைகளை அனுமதிப்பார்களா? கடைசிக் கேள்வியை விட்டுவிட்டுக் கைக்குழந்தையோடு போய் வாசலில் நின்ற குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். 21 வயதுக்குக் கீழானவர்களை அறவே அனுமதிக்காத இடங்கள் ஏராளம்.

சைவ உணவுக்காரர்கள் இரண்டு செய்திகளை முன்பே சொல்லிவிட வேண்டும். டேஸ்டிங்கோடு தரும் தட்டில் இறைச்சித் துண்டுகள் இருக்கலாம். பாலாடைக்கட்டியும் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட் சேர்த்துச் செய்ததாக இருக்கலாம். வைனிலேயே ஒரு நுட்பம் இருக்கிறது. கலங்கலை நீக்கித் தெளியவைக்கவும் துவர்ப்பைத் தணிக்கவும் முட்டை வெள்ளைக்கரு, பால்புரதம், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசை ஆகியவற்றைச் சிலர் பயன்படுத்துவார்கள். அவை பெரும்பாலும் வண்டலோடு படிந்து வெளியேறினாலும், கண்டிப்பாகச் சைவம் பேணுபவர்கள் இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க உரிமையுள்ளவர்கள். இவ்வாறு தெளியவைக்காத வைன் எது என்று கேட்டால் பரிமாறுபவர் சொல்லிவிடுவார்.

5. கிளம்பும் நாள் காலை

ஒவ்வொருவரும் காலாவதியாகாத அடையாள அட்டையை எடுத்துக்கொள்ள வேண்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் விருந்தினர் என்றால் பாஸ்போர்ட்டையே எடுத்துச் செல்வது பாதுகாப்பு. தலை நரைத்தவரிடமும் சில இடங்களில் கேட்பார்கள்.

வாசனைத் திரவியம், அத்தர், நறுமணத் தலைஎண்ணெய், மல்லிகைச் சரம் ஆகியவற்றை அன்று ஒருநாள் விட்டுவிடுங்கள். வைனைச் சுவைப்பதில் பாதிக்கு மேல் மூக்கின் வேலை. உங்களுடைய வாசனை உங்களை மட்டுமல்லாமல் பக்கத்து மேசையையும் கெடுக்கும்.

வெறும் வயிற்றோடு போவது இரண்டாவது பெரிய பிழை. இட்லி, வெண்பொங்கல், முட்டை போன்றவை நல்லவை. வயிற்றில் உணவு இருந்தால் ஆல்கஹால் இரத்தத்தில் மெதுவாகக் கலக்கும். மிளகாய்க் காரத்தை மட்டும் தவிருங்கள். காரம் பட்ட நாக்கில் துவர்ப்பும் ஆல்கஹாலின் எரிச்சலும் இரட்டிப்பாகத் தெரியும்.

உடையில் இரண்டு அடுக்கு வேண்டும். கோடையில் கார்னெரோஸில் காலை பத்து மணிக்கு மேல்சட்டை தேவைப்படும், கலிஸ்டோகாவில் பிற்பகல் வெயில் 32 டிகிரியைத் தாண்டும். குகைக்குள் மறுபடியும் குளிர். சிவப்பு வைன் சிந்தினால் கறை போகாது என்பதால் வெள்ளை வேட்டி சட்டை வேண்டாம்.

காரில் ஏற்றவேண்டியவை: ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், உப்பில்லா பிஸ்கட், காகிதக் குவளைகள், பாட்டில்களுக்கு ஒரு தெர்மாகோல் பெட்டி, குறிப்பெழுத ஒரு சிறு நோட்டு.

6. கோப்பையை எடுத்த பிறகு

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

கோப்பையைத் தண்டில் பிடியுங்கள். கிண்ணப் பகுதியைப் பற்றினால் உள்ளங்கைச் சூட்டில் வைன் வெதுவெதுப்பாகிவிடும். முதலில் கோப்பையைச் சுழற்றாமல் முகர்ந்து பாருங்கள். பிறகு மேசைமேல் வைத்தபடியே இரண்டு மூன்று முறை வட்டமாகச் சுழற்றி மறுபடியும் முகருங்கள். காற்றுப் பட்டதும் மணம் விரியும். முதலுக்கும் இரண்டாவதுக்கும் உள்ள மாற்றத்தைக் கவனிப்பதுதான் பயிற்சி.

பின்னர் ஒரு தேக்கரண்டி அளவு வாயில் எடுத்து, விழுங்காமல் ஐந்து நொடிகள் நாக்கிலும் ஈறுகளிலும் படரவிடுங்கள். கன்னத்தின் ஓரங்களில் எச்சில் ஊறினால் அது புளிப்பு. ஈறும் நாக்கும் வறண்டு இழுப்பதுபோல் இருந்தால் அது டானின்.

இந்த டானினைப் புரிந்துகொள்ள ஆங்கிலம் மட்டும் பேசுபவர்கள் திண்டாடுவதைப் பார்த்திருக்கிறேன். நமக்கு அது அறுசுவையில் ஒன்று. துவர்ப்பு என்ற ஒரே சொல்லில் விளங்கிவிடும். வாழைப்பூ, கொட்டைப்பாக்கு, நெல்லிக்காயின் முதல் கடி, பால் சேர்க்காத கடுந்தேநீர் ஆகியவற்றில் அதைச் சிறுவயதிலிருந்தே அறிந்திருக்கிறோம். முதன்முறை வந்த ஒரு நண்பர், இளம் கேபர்னே ஒன்றை வாயில் வைத்ததும் நாக்கை மேலண்ணத்தில் தட்டிப் பார்த்துவிட்டு, "நாவல்பழம் தின்ற வாய் மாதிரி இருக்கிறது" என்றார். பரிமாறியவருக்கு நாவல்பழத்தை விளக்கினோம். ஊதா நிறம், இனிப்பைத் தொடரும் துவர்ப்பு, நாக்கில் படியும் சாயம் என்று கேட்டவர் அதைத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். சிவப்பு வைன் பற்றி நான் கேட்ட குறிப்புகளில் இது சிறந்த ஒன்று. ஆகவே தாளில் அச்சிட்டிருக்கும் பிளாக்பெரி, காசிஸ் போன்ற பழங்களின் மணம் உங்களுக்குத் தென்படாவிட்டால் கவலைப்படாதீர்கள். புளி, கருப்பட்டி, மிளகு, ஈரமண், புகையிலை என்று உங்கள் மூக்கு சொல்வதை அப்படியே எழுதுங்கள். வாங்கும் நேரத்தில் நினைவுக்கு உதவப்போவது அந்தக் குறிப்புதான்.

அடுத்தது துப்புவது. மேசையில் இருக்கும் குவளை அதற்காகவே வைக்கப்பட்டிருக்கிறது. துப்புவது மரியாதைக் குறைவு என்ற கூச்சத்தால் நம்மவர்கள் ஒவ்வொரு துளியையும் விழுங்கி, இரண்டாவது வைனரியிலேயே களைத்துவிடுகிறார்கள். தொழிலில் இருப்பவர்கள் அத்தனை பேரும் துப்புகிறார்கள். பொதுக் குவளையில் துப்பச் சங்கடமாக இருந்தால் நீங்கள் கொண்டுவந்த காகிதக் குவளையை வாயருகே பிடித்துத் துப்பிவிட்டு, அதைப் பெரிய குவளையில் கவிழ்த்துவிடலாம். கோப்பையில் மீந்ததையும் தயங்காமல் ஊற்றிவிடலாம். கட்டணம் கொடுத்தோமே என்று முழுவதும் குடிப்பது தவறான சிக்கனம்.

ஒவ்வொரு வகைக்கும் நடுவில் இரண்டு மிடறு தண்ணீர் குடியுங்கள். பிஸ்கட் ஒரு கடி போதும்.

7. மதிய உணவை முன்பே முடிவு செய்யுங்கள்

"போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டால் ஒரு மணி நேரம் வரிசையில் கழியும், அடுத்த முன்பதிவு தவறும். பதினைந்து நிமிடத்துக்கு மேல் தாமதித்தால் சில இடங்கள் அமர்வைக் குறைக்கும் அல்லது ரத்து செய்யும்.

வெளி உணவைப் பெரும்பாலான வைனரிகள் அனுமதிப்பதில்லை. செயின்ட் ஹெலனாவில் உள்ள வி. சத்தூய் வைனரியில் உணவுக்கடையும் மரநிழலில் அமர்ந்து உண்ணும் இடமும் இருக்கின்றன. நாப்பா ஊரில் ஆக்ஸ்போ சந்தையில் ஒரே கூரையின் கீழ் பல கடைகள் இருப்பதால் சைவம், அசைவம் கலந்த குழுவுக்கு வசதி. கட்டுச்சோறு கொண்டுபோக விரும்பினால் செயின்ட் ஹெலனாவுக்கும் கலிஸ்டோகாவுக்கும் நடுவே பாத்தே-நாப்பா வேலி மாநிலப் பூங்காவில் மேசைகள் உண்டு. தயிர்சாதம் இந்த நாளுக்கு மிகப் பொருத்தம். ஊறுகாயை மட்டும் கடைசி வைனரி முடியும்வரை தொடாதீர்கள்.

8. பாட்டில் வாங்குவதில் நிதானம்

அமர்வின் முடிவில் விலைப்பட்டியலோடு 'வைன் கிளப்' படிவமும் வரும். அதில் கையெழுத்திட்டால் ஆண்டுக்குச் சில முறை வீட்டுக்குப் பாட்டில்கள் வரும், கார்டிலிருந்து பணமும் போகும். குறைந்தது எத்தனை அனுப்புதல்களுக்குப் பிறகு விலகலாம் என்பதைப் படிக்காமல் கையெழுத்திட வேண்டாம். மூன்றாவது கோப்பைக்குப் பிறகு எடுக்கும் முடிவு மறுநாள் காலையில் வேறுமாதிரி தோன்றும்.

என் நடைமுறை எளியது. நோட்டில் இரண்டு முறை அடிக்கோடிட்ட வைன் மட்டும், ஓரிடத்தில் இரண்டு பாட்டிலுக்கு மிகாமல். கட்டணக் கழிவுக்காக வேண்டாத மூன்றாவது பாட்டிலை வாங்குவது மிச்சமாகாது. ஊர் திரும்பிக் கடையில் கிடைக்கும் பெரிய நிறுவன வைன்களை அங்கே வாங்கிச் சுமக்கத் தேவையில்லை. வைனரியில் மட்டுமே விற்பவை எவை என்று கேட்டு வாங்குங்கள்.

9. காரில் ஏற்றுவது

திறந்த பாட்டில், கார்க் மீண்டும் செருகியிருந்தாலும், பயணிகள் அமரும் பகுதியில் இருக்கக் கூடாது. இது கலிபோர்னியச் சட்டம். ஓட்டுபவர் ஒரு துளியும் குடிக்காதிருந்தாலும் பொருந்தும். மீந்த பாட்டில் டிக்கிக்குள்தான் போக வேண்டும்.

திறக்காத பாட்டிலுக்கு எதிரி வெப்பம். வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியில் ஆறு பாட்டில்களை இரண்டு மணி நேரம் விட்டு, கார்க்குகள் அரை அங்குலம் மேலேறி, உறையின் ஓரத்தில் பிசுபிசுவென்று வைன் கசிந்திருந்ததை ஒருமுறை கண்டேன். அவற்றில் பழமணம் போய், வேகவைத்த திராட்சையின் மணம்தான் மீந்திருந்தது. அன்று முதல் தெர்மாகோல் பெட்டியும் அடியில் இரண்டு ஐஸ் பைகளும் இல்லாமல் கிளம்புவதில்லை. கோடையில் கடைசி வைனரியில் வாங்குவதை மட்டும் கையில் எடுத்து, மற்றவற்றை வெயில் தணிந்த மாதத்தில் அனுப்பச் சொல்லலாம். பல இடங்களில் அதற்கு ஒப்புக்கொள்வார்கள்.

10. திரும்பும் வழியும் ஊருக்குக் கொண்டுபோவதும்

மாலை நான்கரை மணிக்குப் பிறகு 29ஆம் சாலையில் தெற்கு நோக்கிய வண்டிகள் ஊர்ந்து செல்லும். சில்வராடோ டிரெயில் வழியாக நாப்பா ஊர்வரை வந்து, அங்கே இரவுணவை முடித்துக்கொண்டு ஏழு மணிக்கு மேல் கிளம்பினால் ஓட்டுநருக்கு அலைச்சல் குறையும். உணவு மேசையில் புதிய பாட்டில் திறக்க வேண்டாம். அன்றைய செலவுக் கணக்கை அங்கேயே முடித்துவிடுங்கள். யார் எந்தப் பாட்டிலை வாங்கினார் என்பது மறுநாள் நினைவிருக்காது.

இந்தியாவுக்குக் கொண்டுபோக நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. சுங்கவரியில்லாமல் ஒருவர் இரண்டு லிட்டர் மதுவரை கொண்டுசெல்லலாம். 750 மில்லி பாட்டில் இரண்டு என்றால் ஒன்றரை லிட்டர், மூன்றாவது பாட்டில் எல்லையைக் கடந்துவிடும். கைப்பையில் அனுமதியில்லை, பெட்டியில்தான் வைக்க வேண்டும். ஒவ்வொரு பாட்டிலையும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில் இட்டுக் கட்டி, பழைய போர்வையால் சுற்றி, பெட்டியின் நடுவில் எல்லாப் பக்கமும் துணி சூழ வையுங்கள். பட்டுப்புடவைகளை அந்தப் பெட்டியில் வைக்காதீர்கள்.